மேடேறிய சாக்கடை

இஸ்திரிக்காரம்மா நகராட்சித் தலைவியாகப் பதவியேற்ற திங்கட்கிழமை முதல் அந்த ஊர்ச் சாக்கடை மேட்டை நோக்கி ஓடத் தொடங்கியது. அதுவரை எல்லா ஊர்ச் சாக்கடையையும் போலத்தான் ஓடியது. மேட்டுத் தெருவில் குளித்ததும் கழுவியதும் பள்ளத் தெருவுக்கு இறங்கி, வாசல்களில் தேங்கி, மழைக்காலத்தில் அடுப்படி வரை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். அன்று மத்தியானம் அது நின்றது. கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு திரும்பி மேடேறியது. வேண்டாத விருந்தாளி கிளம்பிப் போவதைப் பார்ப்பது போலப் பள்ளத் தெருக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை.

அவள் புருஷன் பாதாளச் சாக்கடையில் அடைப்பெடுக்கும் கூலி. மேட்டுத் தெருவின் உச்சியில் வீடு கட்டியிருந்த மரக்கடை முதலாளிதான் அப்போது நகராட்சித் தலைவர். ஆளைக் குழிக்குள் இறக்கக் கூடாது என்று சட்டம் வந்து வருஷங்களாகியிருந்தன. அடைப்பெடுக்க இயந்திரம் தருகிறோம் என்று அரசாங்கம் சொன்னபோது, "ஆளு இருக்கறப்ப மிஷின் எதுக்கு?" என்று வேண்டாமென்றவர் அவர். தன் வீட்டு வாசல் குழிக்குள் அவர் இறங்கச் சொல்ல, இறங்கியவன் ஏறி வரவில்லை. குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்றார் விசாரணையில். சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவன் ஒரே நாளில் ஊரறிந்த குடிகாரனானான். அதற்குப் பிறகும் அவருடைய வெள்ளைச் சட்டைகள் அவள் கடைக்குத்தான் வந்தன. வயிறு கேட்குமா? மடிப்புப் பிசகாமல் தேய்த்துக் கொடுத்தாள். பெட்டியை அழுத்தும்போது அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். மழைக்காலத்தில் அதை இடியென்று நினைத்துக் கொடியில் காய்ந்த துணியை எடுத்தவர்கள் உண்டு.

பிறகொரு தேர்தலில் தலைவர் பதவியைப் பெண்களுக்கென்று அரசாங்கம் ஒதுக்கியது. மரக்கடைக்காரர் தன் மனைவியை நிறுத்தினார். இஸ்திரிக்காரம்மா தானே நின்றாள். தலையை எண்ணி நடத்துகிற ஆட்சியில் பள்ளத்தில்தான் தலைகள் அதிகம் என்பது அன்றுதான் மேட்டுக்கு உறைத்தது. அச்சமும் சார்பும் இல்லாமல் எல்லோரையும் சமமாக நடத்துவேன் என்ற உறுதிமொழியை இதுவரை வந்தவர்கள் எல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். அவள் ஒவ்வொரு சொல்லாகக் கடித்துக் கடித்துச் சொன்னாள். சன்னலுக்கு வெளியே ஓடிய சாக்கடையின் காதில் அது விழுந்திருக்க வேண்டும் என்பது துப்புரவுப் பிரிவின் கருத்து.

மரக்கடைக்காரர் வீட்டில் முதலில் கழிவறை பொங்கியது, பிறகு குளியலறை, பிறகு பளிங்குத் தரை. கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தினார். சாக்கடையும் அந்த அளவுக்கு உயர்ந்தது. தலைநகரத்திலிருந்து பொறியாளர்கள் வந்து சரிவை அளந்தார்கள். சரிவு சரியாகத்தான் இருந்தது. ஆணையர் படித்த பையன், நல்லவன். தலைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அம்மா, கீழ இருக்கறவங்களை மேல தூக்கிவிடறதுதான் அரசாங்கத்தோட வேலை. மேல இருக்கறவங்களைக் கீழ இறக்கறது இல்லை."

"நான் யாரையும் இறக்கலையே தம்பி. சாக்கடைதான் ஏறுது."

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. முதல் கூட்டத்திலேயே இயந்திரத்தை வரவழைத்தாள். அது பள்ளத்தின் கடைசி வீட்டில் ஆரம்பித்து, ஒரு வீடு விடாமல், ஒரு வீடு தாண்டாமல் மேலே வந்துகொண்டிருந்தது. முதலில் தன் வீட்டுக்கு வேண்டுமென்று மரக்கடைக்காரர் ஆள்மேல் ஆள் அனுப்பினார். "வரிசைப்படி வரும்னு சொல்லுங்க" என்றாள். பள்ளத் தெரு தண்ணீர் கேட்டபோதெல்லாம் அவர் சொல்லி வந்த பதில்தான் அது.

மகளுக்கு இது பொறுக்கவில்லை. "அப்பா திரும்பி வரப் போறதில்லம்மா. போதும், விட்டுடு."

"அவர் வர்றதுக்காக இல்லடி. இன்னொருத்தன் போகாம இருக்க."

அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை அவள் வாய் சொல்லவில்லை, பற்கள் சொல்லிக்கொண்டிருந்தன.

ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணசரும் ஒரு வெயில் நேரத்தில் மரக்கடைக்காரர் வெளியூரிலிருந்து ஒரு கூலியைக் கூட்டிவந்து, இடுப்பில் கயிறு கட்டி, அதே குழிக்குள் இறக்கினார். தகவல் வந்ததும் அவள் செருப்புகூடப் போடாமல் மேடேறினாள். போலீஸ் பின்னால் மூச்சிரைக்க வந்தது. மார்பளவு இறங்கியிருந்தவனைக் கயிற்றைப் பிடித்து அவளே இழுத்தாள். பெட்டி பிடித்துக் காய்த்த கை. ஒரே இழுப்பில் வெளியே வந்துவிட்டான். அவன் தலையில் தண்ணீர் ஊற்றி, வாயைத் துடைத்து, நிழலில் உட்கார வைத்தாள். பிறகு மரக்கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"இவன் செத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

"குடிச்சிருந்தான்னுதானே?"

அவர் காலில் விழுந்தார். "தெரியாமப் பண்ணிட்டேன்மா. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

"அவருக்கும் இருந்துச்சு" என்றாள். அன்று அவள் காலால் ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் அவர் குழிக்குள் விழுந்திருப்பார். கால் வரைக்கும் ஆசை வந்தது என்று பிற்பாடு மகளிடம் ஒப்புக்கொண்டாள். ஆனால் யாரையும் இறக்கக் கூடாது என்ற சட்டத்தில் அவருக்கு மட்டும் விலக்கு எதுவும் எழுதியிருக்கவில்லை. எனவே அதே சட்டத்தின் கீழ் அவரை ஜீப்பில் ஏற்றச் சொன்னாள். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. பழைய சாவும் அதோடு தோண்டி எடுக்கப்பட்டது. ஒரு விசாரணைகூட விடாமல் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். சிறை என்று நீதிபதி வாசித்த அன்று, வெளியே வந்ததும் மகள் கேட்டாள், மனசு ஆறிச்சா என்று.

"ஆறல" என்றாள். "ஆனா பசிக்குது. வா, சாப்பிடலாம்."

சாக்கடையும் ஆறவில்லை. தண்டனைக்குப் பிறகு இறங்கிவிடும் என்று மேட்டுத் தெரு காத்துப் பார்த்தது. அது மேலேயே ஓடியது. கடைசியில் உச்சியிலிருந்த மரக்கடைக்காரர் வீட்டு நிலத்தை அரசாங்கம் கையகப்படுத்தி, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை அங்கேயே கட்டியது. இப்போது இரண்டு தெருவிலும் நாற்றமில்லை. மாற்றலாகி வரும் பொறியாளர்கள் முதல் வாரம் நீர்மட்டக் கருவியோடு வெயிலில் நின்று தலையைச் சொறிவார்கள். அடுத்த வாரம் வரைபடத்தில் அம்புக்குறியை மேட்டைப் பார்த்துப் போட்டுவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள்.