அக்கா குரலில் ஒரு வார்த்தை

ஒயினை விழுங்க வேண்டாம், வாயில் வைத்துப் பார்த்துவிட்டு வாளியில் துப்பிவிடலாம் என்று கடைக்காரர் சொன்னதும் வக்கீல் என் விலாவில் இடித்தாள். "காசு குடுத்துட்டு துப்பச் சொல்றாரு பாரு." நகரத்தின் நடுவில், இரண்டு வங்கிகளுக்கு இடையே படியிறங்கிப் போகிற நிலவறைக் கடை அது. மேலே பட்டப்பகல். கீழே ஒரு நீள மேசை, எங்கள் மூன்று பேருக்கும் கோப்பைகள், ரொட்டித் துண்டுகள், கழுத்துவரை துணி சுற்றிய பாட்டில்கள். பெயரைப் பார்க்காமல் வாசனையை வைத்தே இன்னது என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு எல்லாமே புளித்துப்போன திராட்சையாகத்தான் இருந்தது. கெட்டிக்காரி மாதிரி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

இவர்களை என் தோழிகள் என்று சொன்னால் அது பாதிப் பொய். அக்காவின் தோழிகள். ஒருத்தி வக்கீல், இன்னொருத்தி வாத்து. கல்லூரி நாளிலிருந்து மூவரும் வருஷத்துக்கு ஒரு நாள் வீட்டையும் வேலையையும் உதறிவிட்டு எங்காவது சுற்றுவார்கள். போன வருஷம் அப்படிப் போய்த் திரும்பும்போதுதான் மழையில் விபத்து. வண்டி ஓட்டியது வாத்து. அவளுக்கு நெற்றியில் ஒரு கீறல். அக்கா ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே கிடந்து மறுவாரம் போய்விட்டாள். இந்த வருஷம் வக்கீல் எனக்குப் போன் செய்தாள். "நீயாவது வாடி சின்னவளே. ரெண்டு பேரா உக்காந்தா நல்லாவே இல்ல." வாத்து என்பது நடையைப் பார்த்து அக்கா வைத்த பெயர். அக்கா மட்டுமே அப்படிக் கூப்பிடுவாள். நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வதோடு சரி, நேரில் மரியாதையாக 'அக்கா'தான்.

எனக்கும் என் அக்காவுக்கும் முகத்தில் துளி பொருத்தம் கிடையாது. அவள் அப்படியே அப்பா. நான் யார் ஜாடை என்று வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. குரல் மட்டும் அச்சு அசல் ஒன்று. போனில் அம்மாவே ஏமாந்துபோவாள். அக்காவைக் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் ஒரு முறை நான் பேசி, தேனிலவுக்குக் கப்பலில் போவதாக முடிவே செய்துவிட்டேன். அதை வைத்து எவ்வளவு சிரித்திருக்கிறோம். இப்போது நான் வீட்டுக்குள் நுழையும்போது குரல் கொடுக்கக் கூடாது, மணியடிக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பயண ஏஜென்சியில் போன் எடுக்கும் வேலையை விட்டுவிட்டுப் பின்னறையில் டிக்கெட் சரிபார்க்கிறேன். குளியலறையில் தனியாக இருக்கும்போதுகூட வாயைத் திறக்கப் பயம். தொண்டைக்குள் அவள் உட்கார்ந்துகொண்டு தன் முறைக்காகக் காத்திருக்கிறாள் என்று தோன்றும்.

மூன்றாவது கோப்பையை முகர்ந்தபோது என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். "இதுல ஈரத்துணி வாசம் வருது." கடைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பாட்டிலின் தக்கை கெட்டிருந்தால் அப்படித்தான் வருமாம். வேறு பாட்டில் எடுக்க உள்ளே போனார். வக்கீலுக்குக் கட்சிக்காரர் யாரோ போன் செய்ய, சிக்னல் தேடிப் படியேறினாள்.

வாத்து என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரேடியோ சத்தத்தக் குறைடின்னா," என்றாள் மெதுவாக. "அதான் அவ கடைசியா பேசினது. குறைக்கத்தான் குனிஞ்சேன். நிமிர்றதுக்குள்ள லாரி."

இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யி. என்ன அவ வச்ச பேர் சொல்லிக் கூப்பிட்டு, பரவால்ல விடுன்னு சொல்லு. நீ சொல்ல வேணாம்மா. அவ சொல்ற மாதிரி."

எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. வாடகைக்கு எடுக்க நான் என்ன ஒலிபெருக்கியா? அக்கா சார்பில் மன்னிக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். பாதியாக இளைத்திருந்தாள். ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை என்று இன்றைக்கும் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ஒரு பேச்சுக்குச் சொன்னால் என்ன, இன்று ராத்திரியாவது தூங்கட்டும் என்று மனசு இளகியது. பரவாயில்லை விடு. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

"வாத்து," என்றேன்.

அவள் உடம்பு ஒரு முறை குலுங்கியது. அந்தப் பெயர் என் வாயில் பழகிப்போனது மாதிரி வந்தது.

"ரொம்ப வலிச்சுதுடி."

யார் சொன்னது என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. மேசையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அக்காவுக்கு வலி தெரிந்திருக்காது என்றுதான் டாக்டர் சொன்னார். துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் அதையே சொன்னோம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டேன்.

வாத்து கண்ணைத் திறக்கவில்லை. துழாவி என் கையைப் பிடித்து, வாயிலிருந்து மெல்ல விலக்கி, தன் மடியில் வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் நெடுநேரம் காத்து நின்ற பஸ் வந்துவிட்டது போல ஒரு நிம்மதி.

"தெரியும்," என்றாள். "எல்லாரும் இல்ல இல்லன்னாங்க. எனக்குத் தெரியும். இன்னும் சொல்லு."

படியில் வக்கீலின் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. உள்ளே ஒரு பாட்டிலின் தக்கை திறந்தது. நான் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்படியும் தொண்டையில் ஏதோ அசைந்தது. வாத்து நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் காதருகே இருந்த முடியை ஒதுக்கி, என் வாயருகே சாய்ந்தாள்.