குரலுக்கு ஒரு பங்கு

டில்லிபாபுவின் தலைக்குள் இருந்த குரல்கள் 2002-ஆம் வருஷம் தை மாதத்திலிருந்து வெளியே இருப்பவர்களுக்கும் கேட்க ஆரம்பித்தன. கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் போதும். ஒரு பொம்பளை அவனை ஓயாமல் வைதுகொண்டிருந்தாள், ஒரு கிழவர் இருமினார், மூன்றாவது குரல் கடலில் மீன் எங்கே கிடக்கிறது என்று சொன்னது. மற்ற இரண்டையும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பதிமூன்றில் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போன இடத்தில் பெரிய பையன்கள் கொடுத்த கஞ்சாவை இழுத்தவன், அதன்பின் ஒரு நாளும் விடவில்லை. பெற்றவர்கள் போனபின் அவனை வளர்த்த அக்கா முத்தம்மா கூடையோடு தண்டையார்பேட்டைத் தெருக்களில் மீன் விற்பவள். புகை வாசத்தை மீன் வாசம் அமுக்கிவிட்டதால் அவளுக்குத் தெரியவில்லை. முதலில் அவனுக்குத் தூக்கம் போனது, பிறகு பேச்சும் நின்றது. அவனைச் சுற்றிக் குரல்கள் மட்டும் பேசின.

விசைப்படகு ஓனர் எத்திராஜ் விவரமான ஆள். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று மீனைப் பிரிப்பது வழக்கம்; அவர் டில்லிபாபுவைப் படகில் ஏற்றிக்கொண்டு குரலுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார். குரல் மங்கக் கூடாதென்று கஞ்சாப் பொட்டலமும் அவரே வாங்கிக் கொடுத்தார். முத்தம்மா ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தபோது, "இன்னா முத்தம்மா, கடலம்மா குடுத்தத ஊசி போட்டு வெரட்டுவியா? பேஜாரு பண்ணாத," என்றார். இரண்டு வருஷம் அந்தப் பங்கில்தான் அவள் சோறாக்கினாள். கூரை வீடு ஓட்டு வீடானது. ஆனாலும் தம்பி வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை கேட்க அவள் ஏங்கிய ஏக்கம் கொஞ்சமும் தீரவில்லை. அவன் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அத்தனை குரல்களுக்கு நடுவில் அவனுடையதும் எங்காவது இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பாள். இருக்காது.

2004 மாசியில் பொம்பளைக் குரல் குதி என்றது. அவன் எண்ணூருக்கு நேரே கடலில் குதித்தான். ஆட்கள் அவனை வலையோடு அள்ளிப் படகில் போட்டார்கள். அன்றைக்கு மீன்பாடு பிரமாதம் என்று கரையில் பேசிக்கொண்டார்கள். முத்தம்மா அவன் தலையைத் துவட்டிவிட்டாள். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்து படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தது. குரலுக்கு வேலையில்லாத அந்த நாட்களில், யாரையும் கேட்காமல் அவனைப் பஸ் ஏற்றி மனநல ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா குரல்களைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. எந்த வயதில் கஞ்சா பிடிக்கத் தொடங்கினான் என்றுதான் கேட்டார். பதிமூன்று என்றதும் சீட்டில் குறித்துக்கொண்டார். "எல்லாருக்கும் இப்படி ஆகறதில்லம்மா. அவ்ளோ சின்ன வயசுல ஆரம்பிச்சா சில பேருக்கு ஆயிடுது," என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். முதலில் கிழவர் போனார், பிறகு பொம்பளை. கடைசியில் மீன் குரலும் போய் வீடே அடங்கிவிட்டது. டில்லிபாபு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றோடும் சேர்த்துத் தம்பியையும் துடைத்துவிட்டோமோ என்று முத்தம்மா அழுதாள்.

தடை முடிந்த அன்று எத்திராஜ் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றார். "எங்கடா மீன் கீது? சொல்லு நைனா."

டில்லிபாபு வாயைத் திறந்தான். "யக்கா, பசிக்குது," என்றான். இருபத்தோரு வயது, மீசை வைத்த ஆள். குரல் மட்டும் இன்னும் உடையாத பதிமூன்று வயதுப் பையனுடையது. முத்தம்மாவுக்கு அந்தக் குரல் தெரியாதா என்ன? சோற்றைப் போட்டு, மீனை முள்ளெடுத்து வைத்தாள். எத்திராஜ் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு, பழையபடி தண்ணீரின் நிறம் பார்த்து வலை போடக் கிளம்பினார். எல்லாப் பையன்களுக்கும் ஆவதைப் போல டில்லிபாபுவின் குரல் அடுத்த வருஷம் உடைந்தது. அதுவரை தெருவில் அவனைச் சின்னப் பையன்களோடுதான் சேர்த்தார்கள்.