நாற்பத்தொரு சீட்டும் நாலு பிஸ்கட்டும்

தையற்காரியின் புருஷனுக்கு மாதா மாதம் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஆறு மணிக்கே வரிசை கட்டிவிடும். ஜன்னல் திறக்க ஒன்பது, ஊசி குத்தப் பதினொன்று. பிறகு சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். மனிதர் சாயங்காலம் தள்ளாடுவார். போன வாரம் மாடிப்படியிலேயே மயங்கி விழுந்தார்.

வரிசையில் ஆளாளுக்கு வாய் கிழியத் திட்டினார்கள். புகார்ப் பெட்டி நிரம்பி வழிந்தது. அட, வசவை வைத்து யாரால் சட்டை தைக்க முடியும்?

"திட்டுறத வீட்டுல போய்த் திட்டிக்கலாம். இப்ப அளவ மட்டும் கொடுங்க," என்று தன் தையல் கடையில் அளவு குறிக்கும் சீட்டுகளை நீட்டினாள். "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க, எப்ப ஊசி குத்துனாங்க. அவ்வளவுதான். பேரு வேண்டாம்."

நாற்பத்தொரு சீட்டு சேர்ந்தது. வீட்டில் அவற்றை ஒரு துணியில் வரிசையாகக் குண்டூசியால் குத்திக்கொண்டிருந்தவளின் கை, ஒரு சீட்டில் நின்றது. 'காலை எட்டு மணி. நாலு பிஸ்கட். ஒளிஞ்சு.' அந்தக் கோழிக் கிறுக்கல் அவளுக்குத் தெரியாதா!

"அடப் பாவி மனுஷா! கழிப்பறைக்குப் போறேன்னு போனது இதுக்குத்தானா?"

"பசி தாங்கலம்மா," என்று அவர் தலையைச் சொறிந்தார். "பேரு வேண்டாம்னு நீதானே சொன்ன?"

மானம் போகுமே என்று சீட்டைக் கிழிக்கப் போனாள். எதற்கும் இருக்கட்டும் என்று மற்றவற்றைப் புரட்டினால், இன்னும் பன்னிரண்டு பேர் அதே திருட்டுத்தனம்! அவருடைய சீட்டை வரிசையில் முதலாவதாகக் குத்தினாள்.

பெரிய டாக்டரின் மேஜையில் துணியை விரித்தாள். "கொஞ்சம் பொறுத்துக்கணும்மா," என்று ஆரம்பித்தவர், அந்தப் பதிமூன்றையும் இரண்டு தரம் படித்தார்.

"அப்ப நாங்க கூட்டுன மாத்திரையெல்லாம்?"

"பிஸ்கட்டுக்குக் கொடுத்தது, டாக்டர். விழுந்தது என் வீட்டுக்காரர்."

அடுத்த மாதம் வெறும் வயிற்றுக்காரர்களுக்கென்று தனி ஜன்னல், ஆறரைக்கே திறந்தது. அந்த ரத்தத்தைப் பார்த்து மாத்திரை பாதியானது. தள்ளாட்டமும் நின்றது.

அதற்கு மறுமாதம் ஏழு மணிக்கெல்லாம் ஊசி முடிந்து, இருவரும் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் பெண்டாட்டியின் கண் முன்னாலேயே பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பிஸ்கட்டைக் கடித்தார்.

"என்னங்க, நல்லா இருக்கா?"

"இருக்கு, இருக்கு. ஆனா ஒளிஞ்சு தின்ன ருசி வரல."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.