மசவுனாவின் பெயருக்குப் பின்னால்

பனித்தட்டு உடைந்து மசவுனாவையும் அவன் சறுக்குவண்டியையும் கடலுக்குள் கொண்டுபோய் இன்றோடு பதினோரு நாள். ஹெலிகாப்டர் மூன்று நாள் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. தம்பி ஹென்ட்ரிக் மட்டும் தினமும் தன் வண்டியில் நாய்களைப் பூட்டிக்கொண்டு பனி விளிம்புவரை போய் வந்தான். அண்ணி லொவீசா போதும் என்று சொல்லவில்லையே, அவன் என்ன செய்வான்?

லொவீசாவுக்கு இப்போது உயிரெல்லாம் காதில்தான். எங்கள் கிரீன்லாந்துப் பேச்சில் பெயருக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டும். செல்லமென்றால் 'ங்குவாக்'. ஆள் பெரியவனென்றால் 'சுவாக்'. போய்ச் சேர்ந்துவிட்டால் 'கலுவாக்'. யாராவது மசவுனா என்று வாயெடுத்தால் போதும், அடுத்து எந்த வால் வருமோ என்று அவர் வாயையே பார்த்து நிற்பாள். நேற்றுக் கடைக்காரி "மசவுனாக..." என்று தொடங்கியவள், இவளைக் கண்டதும் இருமினாள். அந்த வாரம் ஊரில் பலருக்கு அப்படித் திடீர் இருமல்.

இதற்கிடையில் ஹென்ட்ரிக்கின் மனைவி பெனீனாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆறு நாளாக ஒரே அழுகை. பெயர் கேட்டு அழுகிறது என்று ஊருக்குத் தெரியும். யார் பெயர் என்பதும் தெரியும். இறந்தவர் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்போம். வைத்துவிட்டால் அவரே திரும்பி வந்த மாதிரி. ஆனால் அதற்கு லொவீசா சம்மதிக்க வேண்டும்.

காலையில் பெனீனா குழந்தையோடு வந்தாள்.

"அக்கா, என்னால முடியல. இவன் கண்ணே மூடல."

"உங்கப்பா பேர வைக்க வேண்டியதுதானே?"

"வெச்சுப் பாத்தாச்சு. இன்னும்தான் கத்துறான்."

"அப்போ வயித்து வலியா இருக்கும்."

"நர்ஸ் ஒண்ணுமில்லன்னுட்டாங்க. நீ சொல்லாம நாங்க வைக்க மாட்டோம்க்கா."

"நாளைக்கு அவரு வந்து நின்னா? பேரத் திருப்பிக் குடுன்னு இவன்கிட்டப் பிடுங்குவியா?"

குழந்தை மூச்சு அடைத்து முகம் நீலம் பாரிக்கும்வரை அழுதது. லொவீசா பயந்துபோய் அதைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

"சரி, சரி. அதான் வந்துட்டீங்கல்ல," என்றாள். "கையெல்லாம் இப்படிச் சில்லுனு இருக்கே. எவ்வளவு நேரம் அந்தக் குளிர்ல கெடந்தீங்க?"

குழந்தை விக்கி விக்கி அடங்கியது. பெனீனா வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான், தான் யாரிடம் பேசினோம் என்பது லொவீசாவுக்கு உறைத்தது. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

திறந்திருந்த கதவுக்கு வெளியே ஹென்ட்ரிக் நாய்களைப் பூட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் கேட்டுவிட்டது. போ என்று அண்ணி ஒரு வார்த்தை சொல்வாளா என்று நிமிர்ந்து பார்த்தான்.

லொவீசா குழந்தையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

அவன் குனிந்து நாய்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தான்.