வெள்ளிக் கண்

வெள்ளைக் காலுறையை இழுத்து ஏற்றும்போதுதான் செபஸ்தியம்மா அந்தக் காயங்களைக் கண்டாள். செத்துக்கிடந்த தகப்பனின் கணைக்கால் இரண்டிலும் பழையது, புதியது, கறுத்தது, காய்ந்தது என்று ஒரே கன்றல். அவசரமாகக் காலுறையை முழங்கால்வரை ஏற்றி, வேட்டியால் மூடினாள்.

"தலை அடிபட்டது சரி. காலிலை ஏன் இவ்வளவு?" என்றான் சவப்பெட்டிக்கு மறுபக்கம் நின்ற புருசன் சில்வெஸ்ரர்.

"வள்ளத்திலை அடிபட்டிருக்கும்" என்றாள். பொய்.

நேற்றுக் காலை தகப்பன் கிறிஸ்தோப்பர் துறையில் நின்று வள்ளத்துக்குள் கால் வைத்தார். வைத்த இடத்தில் வள்ளம் இருக்கவில்லை. கல்லில் தலை மோதி, ஆட்கள் தூக்குமுன்னே போய்விட்டார். இப்போது செத்தவீட்டுக்கு வந்தவர்கள் முற்றத்துப் பந்தலில் மெல்லக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மெல்ல என்று பெயர்தான். கரம்பொன் ஊரில் செத்தவீட்டுக் கதை குசினி அடுப்படிவரை கேட்கும்.

"விடியவே கள்ளுப் போட்டிட்டார் போலை."

"கொஞ்சக் காலமா ஒரே தள்ளாட்டம்தானே."

ஒரு சொட்டுக் கள்ளும் வாயில் வைக்காத மனிசன். அது அவளுக்குத் தெரியும்.

போன வருசம் அவருடைய கண் இரண்டும் சிவந்து, வெளிச்சம் கூசி, மண்டை பிளக்கிற நோ வந்தது. யாழ்ப்பாணத்துக் கண் டாக்குத்தர் அவளைக் கூப்பிட்டு வைத்துத்தான் சொன்னார்: "இது சும்மா கண்நோய் இல்லைப் பிள்ளை. கண்ணுக்குள்ளை அழற்சி. உள்ளை ஊறுற தண்ணி வடியிற வழி அடைபட்டால் அழுத்தம் கூடும். அது நரம்பைக் கொல்லும். முதலிலை பக்கப் பார்வைதான் போகும், நோவும் இராது, ஆளுக்கே தெரியாது. சிவப்புப் போனாலும் மாசாமாசம் கொண்டுவந்து காட்டோணும்."

மருந்தும் விட்டாள், நேர்த்திக்கடனும் வைத்தாள். சிவப்பு மாறியதும் வெள்ளியில் ஒரு சோடிக் கண் செய்வித்து, கோயிலில் கண்ணுக்குக் காவலான அர்ச். லூசியம்மாள் சுரூபத்தடியில் தொங்கவிட்டாள். பங்குச் சுவாமி பிரசங்கத்தில் அதை அம்மாளின் புதுமை, அற்புதம் என்று சொன்னார். ஊர்ச்சனம் அவளுடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. என்ன பெருமை அவளுக்கு! அதற்குப் பிறகு எந்த முகத்தோடு தகப்பனைக் கண் டாக்குத்தரிடம் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள்?

மாரி காலத்தில் அவர் கதிரைக் காலில் இடறிக் காலைக் கன்ற வைத்தார். வாசல் நிலையில் தோளை இடித்தார். "பிள்ளை, பக்கத்திலை நிக்கிற ஆள் தெரியுதில்லை. ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டுவமே?" என்று கேட்டார்.

"சும்மா இருங்கோ அப்பு! லூசியம்மா சுகமாக்கின கண்ணை இப்பிடிச் சொல்லலாமே?"

அவர் பிறகு கேட்கவில்லை. ஊர் குடிவெறி என்று சொன்னபோது அவள் இல்லையென்று சொல்லவுமில்லை. பொய்ப் புதுமை சொன்னவள் என்பதைவிட வெறிகாரன் மகள் என்பது பரவாயில்லை என்று நினைத்தாள். சீ, நினைத்தாளே!

சுவாமி வந்து செபம் தொடங்க ஆயத்தமானார். அந்த நேரம் பக்கத்து வளவு வீட்டு எமிலி, சேலைத் தலைப்பால் கண்ணை மறைத்தபடி கிட்ட வந்தாள். கண் இரத்தமாகச் சிவந்திருந்தது.

"குறை நினையாதேங்கோ அக்கா. எனக்கும் உங்கடை அப்புவுக்கு வந்த மாதிரித்தான். என்ரை மனிசன் ஆசுப்பத்திரிக்கு வா எண்டு நிக்கிறார். நான் வெள்ளிக் கண் செய்யச் சொல்லிப்போட்டன். நேர்த்தி வைச்சு எப்பிடியக்கா மாறினது?"

தலையை ஆட்டிவிட்டால் போதும், எமிலி போய்விடுவாள்.

"அப்புவுக்கு மாறேல்லை."

"என்னக்கா?"

"சிவப்புத்தான் மாறினது. பார்வை போட்டுது. எனக்குத் தெரியும், எமிலி. தெரிஞ்சுகொண்டுதான் இருந்தனான்." குரல் பந்தல்வரை போயிற்று. "அவர் குடிக்கேல்லை. நீ நாளைக்கே ஆசுப்பத்திரிக்குப் போ."

பந்தலில் கதை நின்றது. சுவாமி புத்தகத்தை விரித்தபடி அவளைப் பார்த்தார்.

அவள் கால்மாட்டில் குனிந்து வேட்டியை ஒதுக்கினாள். ஒரு காலுறையைக் கணுக்கால்வரை சுருட்டி இறக்கினாள். பிறகு மற்றதை.

கடைசி முத்தம் கொடுக்கச் சனம் ஒவ்வொருவராக வரத் தொடங்கியது. சில்வெஸ்ரர் எட்டிக் காலுறையை ஏற்றப் போனான்.

"இருக்கட்டும், சனம் பாக்கட்டும்" என்றாள். பெட்டி மூடும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.