ஆறுதல் ஒத்திகை

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டு, கூட்ட அறையின் மெத்தை நாற்காலியில் உட்காரச் சொன்னதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஈரத்துணியை வாளியில் போட்டுவிட்டு நுனியில் ஒட்டிக்கொண்டார்.

"நல்லா உட்காருங்கக்கா. ஒத்திகைதான்," என்றாள் அந்தப் பெண். மக்கள் தொடர்புப் பிரிவில் சேர்ந்து அவள் இன்னும் முதல் சம்பளம்கூட வாங்கவில்லை. ஆபீஸில் எல்லாருக்கும் அவள் 'புதுசு'.

அன்று காலை, ஆலையின் பின்கொட்டகையில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய ஒருவர் மூச்சுமுட்டிச் செத்துப்போயிருந்தார். ஒப்பந்தக்காரர் கூட்டிவந்த ஆள். கல்யாணமானவர் என்பதைத் தவிர யார், எவர் என்று கம்பெனிக்குத் தெரியாது. ஒப்பந்தக்காரரோ போனை எடுக்கவில்லை. முன்கட்டடத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் எட்டாதபடி நடுக்கதவைப் பூட்டிவிட்டு, செத்தவரின் மனைவியிடம் துக்கம் சொல்ல முதலாளியைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம வேலையே இதான், புதுசு," என்றார் மேலாளர், அவள் காதோரம். "நல்லது நடந்தா ஊரைக் கூட்டிச் சொல்லணும். கெட்டது நடந்தா, ஊரு வாயத் தொறக்கறதுக்குள்ள நாமளே பதமாச் சொல்லிடணும்."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "உங்க வீட்டுக்காரர் எங்க குடும்பத்துல ஒருத்தர்..." என்று ஆரம்பித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், கடிகாரம் வேண்டாம். அவங்க கண்ணப் பாருங்க. அக்கா, நீங்க கொஞ்சம் அழுங்க," என்றாள் புதுசு.

"அழணுமா? எனக்குச் சிரிப்புல்ல வருது!" அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "பொய்யழுகைல நான் கில்லாடின்னு எங்க வீட்டுக்காரரு சொல்வாரு. அவரு இருந்தாத்தான் அதுவும் வரும்."

"கண்ணீர் வரலேன்னா ரெண்டு கையாலயும் மூஞ்ச மூடிக்குங்க, போதும்," என்றார் மேலாளர்.

அக்கா புதுசின் பக்கம் சாய்ந்தார். "யாருக்காச்சும் எதாச்சும் ஆயிடுச்சா பாப்பா?"

"சேச்சே, ஒண்ணுமில்லக்கா."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பொய்! அவளுக்கே திக்கென்றது. முதலாளி மறுபடி சொல்லிப் பார்த்தார், மறுபடியும் தடுமாறினார். அடுத்த முறை மேலாளர் கைதட்டினார்.

அப்போதுதான் போன் அடித்தது. புதுசு எடுத்தாள். ஒப்பந்தக்காரர்.

"லாரி கழுவுற ஆளும்மா அவரு. இன்னைக்கு ஆள் குறைஞ்சுதேன்னு தொட்டில இறக்குனேன், நேரம் பாரு. பொண்டாட்டிய எங்கயும் தேட வேணாம். உங்க ஆபீஸ்லதான் தரை தொடைக்குது."

அவளுக்கு அந்த அறையில் அக்காவின் வாளியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். போனை வைத்துவிட்டு மேலாளரின் காதில் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. குனிந்து முதலாளியின் காதில் சொன்னார்.

முதலாளி எழுந்தார். அக்காவின் எதிரில் வந்து நின்றார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கைகளைக் கோத்துக்கொண்டு, அக்காவின் கண்ணையே பார்த்து, "உங்க வீட்டுக்காரர் எங்க குடும்பத்துல ஒருத்தர். அவர் இன்னைக்கு நம்மள விட்டுப் போயிட்டார்," என்றார். ஒரு சொல் பிசகவில்லை.

அக்கா தலையாட்டினார். சொல்லிக்கொடுத்தபடியே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. விரலிடுக்கில் புதுசைப் பார்த்து, "இப்ப சரியா வருதா பாப்பா?" என்று கிசுகிசுத்தார்.