ரெனிதா நம்பரில் நாலு எக்ஸ்ரே

1

உலக மருத்துவ வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: பூந்தமல்லிக்கு முன், பூந்தமல்லிக்குப் பின். இந்த மாபெரும் செய்தியை முதன்முதலாக அறிவிக்கும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது. எழுந்து நிற்க வேண்டாம். உட்கார்ந்தே படிக்கலாம்.

வரலாறு நிகழ்ந்த இடம், டிரங்க் ரோட்டில் பரோட்டாக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு ஸ்கேன் சென்டர். நான் போனது வரலாற்றைப் பார்க்க அல்ல, முழங்காலைப் படமெடுக்க. என் டோக்கன் முப்பத்தொன்று. பத்தொன்பது உள்ளே போன நேரத்தில் இந்தக் கதை படியேறி வந்து கவுண்டரில் சண்டை போட்டது. ஆகவே இதை நான் ஆழ்ந்து சிந்தித்துப் படைத்தேன் என்று ஏதாவது விழாவில் பேசினால் நம்பாதீர்கள்.

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள் செய்தேன்.

'நிழல் என்பது ஒளியின் மௌனம் என்று...' (இல்லை. அப்படி யாரும் சொன்னதில்லை. நானும் சொல்வதாக இல்லை.)

'எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட நாள் முதலாக மனித குலம்...' (மனித குலம் உள்ளே வந்தால் வாசகர் வெளியே போய்விடுவார்.)

"இன்னா சார், எனக்கு எப்போ நிழல் வந்துச்சி, எப்போ போச்சி?" என்றார் ரெனிதா.

இது நிற்கும்.

3

ரெனிதா பூந்தமல்லியை ஒட்டிய நூம்பலில் ஜாக்கெட் தைப்பவர். வயது நாற்பதுக்குள். அன்று காலை அவருடைய போனுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. அதைக் கவுண்டருக்கும், வரிசையில் இருந்த எங்களுக்கும் சேர்த்து உரக்கப் படித்தார்: "வாழ்த்துகள்! உங்கள் வலது நுரையீரல் நிழல் நூறு சதவீதம் மறைந்துள்ளது."

"நல்ல சேதிதானேம்மா?" என்றார் கவுண்டர் பெண்.

"அய்ய, நான் ஜென்மத்துல எக்ஸ்ரே எடுத்ததில்லம்மா! வராத நிழல் எப்பிடி மறையும்?"

உள்ளேயிருந்து படம் எடுக்கும் டெக்னீஷியன் ஆரோக்கியசாமி எட்டிப் பார்த்தார். ஆவடிக்காரர். முப்பது வருடமாக ஊரார் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பவர். ரெனிதாவின் நம்பரைக் கணினியில் தட்டினார். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், ஜூன் என்று நான்கு மாதத்தில் எடுத்த நான்கு நெஞ்சுப் படங்கள் வரிசையாக வந்தன. நான்குக்கும் மேலே ஒரே பெயர்: ஞானம்மாள்.

"ஞானம்மா அக்காவா? அது எங்க தெருவுல கீது. எக்ஸ்ரே எடுத்துச்சி, வாஸ்தவம். ஆனா ஒரு வாட்டிதான்."

ஆரோக்கியசாமி திரையை விரலால் தொட்டார். "இந்த நாலும் ஒரே பொம்பள இல்ல. நிழல் கீறது பிப்ரவரி படத்துல மட்டும்தான். அதே படத்துல வலது காலர் போன், இந்தக் கழுத்தடி எலும்பு, எப்பவோ ஒடைஞ்சி கூடியிருக்கு. மத்த மூணுல அது ஒடையவே இல்ல. ஒடைஞ்ச எலும்பு கூடும்மா. ஒடையாததா மாறுமா?"

எனக்கு முழங்கால் வலி மறந்துபோயிருந்தது.*

* மறக்கவில்லை. இப்படி எழுதினால் நன்றாக இருக்கும் என்று எழுதினேன்.

4

இனி கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேரை ஒருவராக்கிய மென்பொருளின் பெயர் 'சுவடு'. கண்டுபிடித்தவர் கோகுல்நாத், கரூர்க்காரர், அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்த பிளாட்டில் குடியிருப்பவர். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, நிழல் எவ்வளவு வளர்ந்தது, குறைந்தது என்று அளந்து சொல்லும். உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பழைய படம் யாருடையது என்று அதற்குத் தெரிய வேண்டுமே? ஒரே ஆளின் பெயரை ஐந்து விதமாகப் பதிகிறார்கள் என்பதால், கோகுல்நாத் பெயரை நம்பாமல் போன் நம்பரை நம்பினார். ஒரு நம்பர், ஓர் உடம்பு. கடைசியாக வந்த பெயரைப் பழைய படங்களுக்கும் எழுதிவிடும். அனுப்பும் லிங்க் எப்போது திறந்தாலும் புதிய படத்தையே காட்டும். வாழ்த்துச் செய்தி மட்டும் அந்த வாரம்தான் புதிதாகச் சேர்ந்தது. மையத்தின் பழைய ரிஜிஸ்டர் நோட்டு, 'காகிதமில்லா மையம்' என்று ரிப்பன் வெட்டிய அன்றே பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது.

கோகுல்நாத்துக்குத் தெரியாத ஒன்று உண்டு. ரெனிதாவின் தெருவில் பெண்கள் ஆஸ்பத்திரியில் சொந்த நம்பர் கொடுப்பதில்லை.

"ஊட்டு நம்பர குடுத்தா ரிப்போர்ட் நேரா ஊட்டுக்காரர் போனுக்குப் போவும். ஒண்ணுமில்லன்னு தெரியறதுக்குள்ள மாமியார், நாத்தனார்னு ஊரே கூடிடும். அதுக்குத்தான் என் நம்பரு" என்றார் ரெனிதா. "லிங்க் வரும். அவங்க சொல்ற டாக்டருக்குத் தட்டி வுட்டுட்டு அழிச்சிடுவேன். அடுத்தவ சமாச்சாரம் எனக்கு இன்னாத்துக்கு?"

"பிப்ரவரில யாருன்னு ஞாபகம் இல்லியா?" என்று கேட்டார் ஆரோக்கியசாமி.

"ரத்த டெஸ்ட்டு, ஸ்கேனுன்னு மாசம் பத்து பேரு கேக்கறாளுங்க சார். யாருன்னு சொல்றது?"

படத்தை இங்கே எடுப்பதோடு சரி. பார்த்துச் சொல்வது அவரவர் டாக்டர். பிப்ரவரிப் பெண்ணின் டாக்டர் சில நாள் கழித்து லிங்க்கைத் திறந்தபோது மார்ச் படம் வந்திருக்க வேண்டும். வேறொருத்தியின் சுத்தமான நெஞ்சைப் பார்த்து அவர் 'ஒண்ணுமில்லம்மா' என்று சொல்லியிருப்பார். அந்தப் பெண்ணும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்திருப்பார். நெஞ்சில் நிழலோடு.

5

கோகுல்நாத்தை ஆணவக்காரராக எழுதத்தான் ஆசைப்பட்டேன். அடுத்த மாதம் அவருக்கு ஒரு விருது. மேடை, சால்வை, 'மனிதநேயத் தொழில்நுட்பம்' என்ற தலைப்பில் உரை. நையாண்டிக்கு இவ்வளவு தாராளமாக யாரும் கொடுத்ததில்லை. ஆனால் ஆரோக்கியசாமி போன் செய்த முக்கால் மணி நேரத்தில் லேப்டாப்போடு வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மேல மேல எழுதிருச்சுங்க சார். பழைய பேரு எங்கயுமே இல்லீங்க."

"அப்ப அந்தம்மாவ எப்பிடிக் கண்டுபுடிக்கிறது?" என்றார் ஆரோக்கியசாமி.

கோகுல்நாத் லேப்டாப்பை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். (இப்படி நிற்பவரை எப்படிக் கிண்டல் செய்வது? என் தொழிலைக் கெடுத்துவிட்டார்.)

ரெனிதா தெருவில் ரகசியமாகச் சொல்லி வைத்தார். மூன்று பேர் வந்து மறுபடி படம் எடுத்துக்கொண்டார்கள்: ஞானம்மாள், ஜமீலா, ஸ்வாதி. மூவருக்கும் காலர் போன் முழுசு. நான்காமவர் வரவில்லை. ஏன் வருவார்? அவருக்குத்தான் ஒன்றுமில்லையே.

"ஊடு ஊடா போய்க் கேக்கலாங்களா?" என்றார் கோகுல்நாத்.

"வாசல்ல மாமியார வச்சிகினு கேட்டா எவ சொல்லுவா? நீ சும்மா இரு நைனா" என்றார் ரெனிதா. தன் கைகளைப் பார்த்தார். "ஒடைஞ்சி கூடின எலும்பு வெளிய தெரியுமா சார்?"

"சிலருக்கு மேடு தட்டும். தொட்டா தெரியும்" என்றார் ஆரோக்கியசாமி.

"தோள் அளவு எடுக்கச் சொல்ல தொடுவேன் இல்ல?"

இந்த மொத்தக் கதையில் கண்டுபிடிப்பு என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான்.

6

பழைய அளவு சரியில்லை, எல்லோரும் புது அளவு கொடுங்கள் என்று ரெனிதா அறிவித்தார். பெண்கள் வந்தார்கள். டேப்பை வைக்கும் சாக்கில் கழுத்தடி எலும்பை விரலால் வருடினார். முதல் ஞாயிறு கோகுல்நாத் உதவிக்கு வந்து லேப்டாப்போடு வாசலில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் பெண்கள் முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் மூடிக்கொண்டார்கள்.

"நீ கெளம்பு நைனா. உன்னால இன்னும் நாலு பேரு மறைஞ்சிடுவாங்க."

நேற்று வரை நாற்பத்தோரு தோள்கள். மேடு எதுவும் தட்டுப்படவில்லை.

7

முடிவுகள்.

அ. நாற்பத்திரண்டாவது தோளில் விரல் நிற்கிறது. சரியான நேரம். மருந்து. குணம். (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்கும்தான். ஆனால் நாற்பத்திரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை.)

ஆ. அந்தப் பெண் கோகுல்நாத் வீட்டிலேயே சமையல் செய்பவர். (சினிமா. அடித்துவிட்டேன்.)

இ. இருமல் கூடுகிறது. ஒருநாள்...

(இதை முடிக்க மாட்டேன்.)

ஆகவே முடிவை உங்களிடமே தருகிறேன். பிப்ரவரியில் பூந்தமல்லியில் படம் எடுத்து, ரெனிதா நம்பரைக் கொடுத்தீர்களா? எப்போதாவது கீழே விழுந்து வலது தோள்பக்கம் கட்டுப் போட்டிருந்தீர்களா? அப்படியானால், டாக்டர் பார்த்தது உங்கள் நெஞ்சை அல்ல, அம்மா. வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டாம். அளவு கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ரெனிதாவிடம் போங்கள். துணிகூட வேண்டாம்.

நூம்பலில் நான் எழுதுவதை யாரும் படிப்பதில்லை.